ஊர் நினைப்பு எதன் நினைப்பு?

1688-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். வீட்டைப் பிரிந்தவருக்கு வரும் துயரத்தை நோயாகக் கணித்து, அதற்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்த ஏடு அது. அதில் வரும் நோயாளிகளுள் ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்புமாகப் படுத்தவர் நாளுக்கு நாள் மோசமாகிறார். இனிப் பிழைப்பது கடினம் என்று ஊருக்கே அனுப்பிவிடத் தீர்மானிக்கிறார்கள். பயணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்ததுமே அவருக்கு மூச்சு சீராகிறது. ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆள் தேறிவிடுகிறார். இன்னொருவர் கிராமத்துப் பெண். கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர். யார் என்ன கேட்டாலும் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதுதான் பதில். மருந்தும் வேண்டாம், உணவும் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிப்போன சில நாட்களில் எழுந்து நடமாடினார்.

இந்தக் கதைகளில் கவனிக்க வேண்டியது தூரம். பெர்னுக்கும் பாசலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நம் கணக்கில் திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் உள்ள இடைவெளி. இரண்டு ஊரிலும் ஜெர்மன்தான் பேச்சு. அந்தப் பெண்ணோ மருத்துவமனை வரைக்கும்தான் வந்தவர். இவர்கள் நாட்டையும் இழக்கவில்லை, மொழியையும் இழக்கவில்லை. பிறகு எதற்காக உடம்பு இப்படிப் படுத்தது?

ஹோஃபரின் விளக்கம் அந்தக் கால மருத்துவத்துக்கு ஏற்றது: மூளையில் ஊரின் உருவங்கள் பதிந்த தடங்களிலேயே உயிர்ச்சத்து திரும்பத் திரும்ப ஓடுகிறது, மற்ற உறுப்புகளுக்குப் போதாமல் போகிறது. இன்று இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு காரணம் சிரிக்கத் தக்கதல்ல. காலையில் குடித்துப் பழகிய சூப்பும் ஊர்ப் பாலும் கிடைக்காமல் போவதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்கிறார். நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஊர் நினைப்பில் மண், கொடி, எல்லை இவற்றுக்கெல்லாம் பங்கு குறைவு. யோசிக்காமலே ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் சட்டென்று நின்றுபோனதன் வலிதான் அதில் பெரும்பகுதி. போன இடத்தில் அந்த நாளை மறுபடி கட்டிக்கொள்ள முடிந்தவருக்கு வலி தணிகிறது. கட்டிக்கொள்ள வழியில்லாதவருக்கு முற்றுகிறது.

ஹோஃபருக்குப் பின் இது சுவிட்சர்லாந்துக்காரர்களின் தனி வியாதியாகவே கருதப்பட்டது. அந்நாட்டு ஆண்கள் அன்று கூலிப்படை வீரர்களாக ஐரோப்பா எங்கும் பரவியிருந்தார்கள் என்பது காரணம். சூரிச் நகர மருத்துவர் யோகான் ஷாய்க்சர் பழியைக் காற்றழுத்தத்தின் மேல் போட்டார்: உயர்ந்த மலையில் வாழ்ந்த உடல் சமவெளிக்கு இறங்கும்போது கனத்த காற்று அழுத்துகிறதாம், உயரமான கோபுரத்திலோ குன்றிலோ கொஞ்ச நாள் தங்கவைத்தால் சரியாகுமாம். மாடு மேய்ப்பவர்கள் பாடும் மலைப்பாட்டைக் கேட்டால் வீரர்கள் அழுது படையை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் அதை இசைக்கவே தடை இருந்தது என்று ரூசோ தம் இசை அகராதியில் (1768) எழுதினார். அந்தப் பாட்டில் இசையாகப் பெரிதாக ஒன்றுமில்லை, வெளியாள் கேட்டால் எதுவும் ஆகாது, கேட்பவனின் பழைய நாட்களை அது கிளறுவதுதான் விஷயம் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். காற்றழுத்தக்காரரைவிட ரூசோ நெருங்கி வந்துவிட்டார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையின் மருத்துவப் பதிவேடுகளில் இந்நோய்க்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள்; எழுபதுக்கும் மேற்பட்ட இறப்புகளும் இதன் கணக்கில் எழுதப்பட்டன. மற்ற நோய்களால் இறந்தவர்களும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் வீட்டு ஏக்கம் ஆளைக் கொல்லும் என்று ஒரு ராணுவமே நம்பியதற்கு இது சான்று. அரை நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. அமெரிக்க வரலாற்றாளர் சூசன் மேட் 2011-இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து காட்டுகிறார். தொழிலாளர்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டிய பொருளாதாரம் வந்தபோது, வீட்டை நினைத்து வருந்துவது குழந்தைத்தனம், முன்னேறத் தெரியாதவனின் குணம் என்று ஆக்கப்பட்டது. நோய் போய்விடவில்லை, அதை வெளியே சொல்வதுதான் வெட்கமாகிப்போனது. நம் ஊரிலும் விமான நிலையத்தில் அழும் இருபத்திரண்டு வயதுப் பையனைப் பார்த்து உறவினர் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் இந்த வகைதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். 1955-இல் நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார், அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் போய்வந்த தம் நாட்டவரிடம் பேசி, வெளிநாட்டு வாழ்க்கையின் மனநிலை ஒரு வளைவாகப் போகிறது என்றார்: முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மறுபடி ஏற்றம். கலாச்சார அதிர்ச்சி பற்றிப் பேசிய கலெர்வோ ஓபெர்க் அந்த முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்று பெயர் தந்தார். பார்த்தவுடன் பிடித்துப்போகும் படம் இது. நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு நடத்தும் வகுப்புகளில் இன்றும் இந்த வளைவை வரைந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் 1998-இல் காலீன் வார்டும் அவர் சகாக்களும் நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களை இறங்கிய நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தபோது தேனிலவைக் காணவில்லை. மனத்தளர்ச்சி மிக அதிகமாக இருந்தது இறங்கிய புதிதில்தான். பிறகு அது இறங்கியது. பஸ் எங்கே நிற்கும், கடையில் எப்படிக் கேட்பது, யாரிடம் என்ன பேசலாம் என்பன போன்ற சில்லறை அறிவும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக வளர்ந்தது. இந்த இரண்டும் ஒன்றாக நடப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றாடம் கைக்கு வரவர மனம் அடங்குகிறது.

நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் உடன் ஆய்வாளர்களும் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, வீட்டு ஏக்கத்தைச் சாவுத் துக்கத்தின் சிறு வடிவம் என்றார்கள். யாரும் சாகவில்லை, எல்லாம் அங்கேயே இருக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை. இந்தத் துக்கத்துக்குச் சடங்கும் கிடையாது, பதினாறாம் நாளும் கிடையாது. இன்னொரு கண்டுபிடிப்பு நம் பேச்சுக்கு மிக முக்கியம். அமெரிக்காவில் கோடைக்கால முகாம்களுக்குப் போகும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டோபர் தர்பர், தன் விருப்பத்தைக் கேட்காமல் அனுப்பப்பட்ட பிள்ளைக்கு ஏக்கம் கடுமையாக வருகிறது என்று கண்டார். போவதா வேண்டாமா என்பதில் ஒரு சொல் சொல்ல இடமிருந்த பிள்ளை தாக்குப்பிடிக்கிறது. இரண்டு வாரம் முகாமுக்குப் போகும் பிள்ளைக்கே இப்படியென்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் கதை என்ன?

இனி நம் பக்கம். தமிழ் அக இலக்கியம் பிரிவை ஒரு திணையாகவே வைத்திருக்கிறது. பாலைக்கு உரிய பொருள் பிரிதல்; பொருள் தேடிப் பிரிவது அதில் தலையானது. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை நெடுகப் பாடுகிறார். அத்தனை வளமும் கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். நெஞ்சு போகலாம் என்கிறது, அவன் மறுக்கிறான். வேலைக்கான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரளும் ஒருவரின் மனத்துக்குள் நடப்பதும் இதுதான். ஒரு வித்தியாசம், இன்று நெஞ்சு ஜெயித்துவிடுகிறது.

வரலாற்றில் ஊர் ஏக்கத்துக்கு மிகத் தெளிவான ஏற்பாடு செய்துவைத்தவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன செட்டியார் கடைகளில் ஏஜெண்டுக்கும் அவருக்கு உதவும் அடுத்தாளுக்கும் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. மனைவி மக்களை அழைத்துப் போகும் வழக்கமில்லை. கணக்கு முடிந்தால் ஊர். சில காலம் இருந்துவிட்டு மறுபடி அடுத்த கணக்கு. போன இடத்தில் கிட்டங்கி என்னும் பொதுக் கட்டடத்தில் பல கடைகள் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருக்கும். வேலை அங்கேயே, தூக்கம் அங்கேயே. சமையலுக்குச் செட்டிநாட்டு ஆள். நடந்துபோகும் தூரத்தில் முருகன் கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது இப்படித்தான். எழுந்திருக்கும் நேரம், குளியல், விபூதி, கணக்குப் புத்தகம், சாப்பாடு என்று செட்டிநாட்டு நாள் ஒன்றை அப்படியே பெயர்த்துக் கடலுக்கு அப்பால் நட்டுவிட்டார்கள். இதை வணிகத் திறமை என்று மட்டும் பாராட்டுவது வழக்கம். ஆளை உடையாமல் மூன்று ஆண்டு வைத்திருக்கும் திறமையும் இதற்குள் இருக்கிறது. இதன் விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் அந்தப் பெரிய வீடுகளில் தனித்திருந்த பெண்கள். அவர்கள் கணக்கை யாரும் எழுதவில்லை.

இந்தக் கடை உலகத்தை உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் இளைஞனாகச் சுமத்ராவிலுள்ள மேடானுக்கு வேலைக்குப் போனவர். 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் நாயகன் பாண்டியன் சுமத்ராவில் இருந்துகொண்டு நினைப்பது தாய்நாட்டின் பெருமையை அல்ல. சின்னமங்கலத்துக் கடைவீதியும் மதுரைத் தெருக்களும்தான் வருகின்றன. யார் எங்கே உட்கார்ந்திருப்பார், என்ன விற்பார், எப்படி ஏசுவார் என்பதெல்லாம் ஒன்று விடாமல் வருகிறது. ஊரில் இருந்தபோது இவற்றை அவன் கவனித்திருக்கவே மாட்டான். தமிழ் நாவலில் ஊர் ஏக்கத்தை இதைவிடச் சரியாகப் பிடித்த பக்கங்கள் இல்லை என்பேன். போருக்குப் பின் திரும்பி வந்த சிங்காரம், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, நெடுங்காலம் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்து 1997-இல் மறைந்தார்.

ஊர் நினைப்பு மண்ணின் நினைப்புதான் என்று யாராவது சாதித்தால், அவரைச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கூட்டிப்போக வேண்டும். அங்கே மாலையில் அத்தோ விற்கிறார்கள். நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து தருவது. கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964 வாக்கில் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்களின் சாப்பாடு இது. அரசாங்கக் காகிதத்தில் இவர்கள் தாயகம் திரும்பியோர். ஆனால் பலர் பிறந்ததே ரங்கூனிலும் ஐராவதி ஆற்றுக் கரையிலும்தான். தாயகத்தில் இறங்கியதும் இவர்களுக்கு வந்தது பர்மா ஏக்கம். அதைத் தாங்கமாட்டாமல் ஒரு பகுதியினர் மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் பர்மா தரப்பு விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லாமல், எல்லையை ஒட்டிய மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து எவ்வளவோ தூரத்தில், பர்மாவுக்கு ஒரு காலடி இப்பால் குடியிருக்கும் இந்தத் தமிழர்களின் ஊர் ஏக்கம் எந்த ஊருக்கானது என்று கேட்டால் புத்தகத்து விடைகள் எல்லாம் தடுமாறும்.

இலங்கை மலையகத்துத் தமிழர் கதை இன்னும் பெரியது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974-இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிவந்த ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தாயகத்துக்குப் போகிற வண்டிக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? வைத்தார்கள். வந்தவர்களில் பலர் சமவெளியில் கால் ஊன்ற முடியாமல் நீலகிரிக்கு ஏறினார்கள். அவர்களுக்கு வேலை தரவென்றே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் டேன்டீ ஆனது அதுதான். கூடை, கொழுந்து, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), லயன் வரிசை, காலைக் குளிர் என்று தெரிந்த நாள் ஒன்று மலையில்தான் திரும்பக் கிடைத்தது. அங்கே இந்தியாக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே சிலோன்காரர் ஆனார்கள். ஏழைத் தொழிலாளி ஏங்கியது இலங்கை என்ற நாட்டுக்காக அல்ல, அங்கே கழிந்த நாளுக்காக.

இதே கண்ணோடு வளைகுடாவைப் பார்த்தால் நிலவரம் விளங்கும். எழுபதுகளின் எண்ணெய்ப் பணத்தோடு தொடங்கிய அந்தப் பயணத்தில் நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களுக்கு முன்னனுபவம் இருந்தது. வெளிநாடு போய்ப் பிழைக்கும் சபராளிகளின் வீடுகள் அங்கே தலைமுறைக் கணக்கில் உண்டு. ஆனால் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கை வேறு. எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் அறை. விடியுமுன் பஸ். மெஸ் சாப்பாடு. திரும்பி வந்து துணி அலசிப் போட்டால் தூக்கம். இதில் தனக்கென்று ஒரு நாளைக் கட்டிக்கொள்ள எந்த மூலை மிச்சம்? ஸ்பான்சர் முறையில் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை மாற, சில இடங்களில் நாட்டை விட்டுக் கிளம்பக்கூட அவர் சம்மதம் வேண்டியிருந்தது. கத்தார் 2020-இலும் சவூதி அரேபியா 2021-இலும் இதைத் தளர்த்தின. சட்டப்படி தவறென்றாலும் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பல ஒப்பந்தங்களில் ஊர் விடுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். செட்டியார் கடையின் மூன்று ஆண்டுக் கணக்கைவிட இது குறைவுதானே என்று கேட்கலாம். அங்கே கணக்கு முடியும் தேதி ஆளுக்குத் தெரியும். பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் பக்கத்து ஊர்க்காரர்.

சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிறது, அதன் பெயர் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பணம் அனுப்புவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், புல்வெளியில் ஊர்க்காரர்களோடு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வேறு விசேஷமாக எதுவும் செய்வதில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் விடுதிகளில் அடைபட்டார்கள். நாட்டின் தொற்றில் பெரும்பகுதி அங்கேதான். மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் விடுதிக்காரர்கள் 2022 நடுப்பகுதி வரை வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. அதன் பின்னும் ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போகத் தனிச் சீட்டு வைத்தார்கள். பணம் அனுப்பக் கைபேசி போதும், முடி வெட்ட விடுதியிலேயே ஆள் உண்டு என்று கணக்குப் பார்ப்பவருக்கு அந்தப் புல்வெளியில் என்ன இழப்பு என்று விளங்காது.

தொலைபேசி இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏரோகிராம் கடிதம், பேசிப் பதிந்து அனுப்பிய கேசட், காலிங் கார்டு, இன்று ஐ.எம்.ஓ., வாட்ஸ்அப். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலிகள்தான். அதையும் எப்படியோ சமாளிக்கிறார்கள். பிரிட்டனில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரிலிருக்கும் அவர்கள் பிள்ளைகளையும் மிர்கா மதியானுவும் டேனியல் மில்லரும் ஆராய்ந்து 2012-இல் ஒரு நூல் எழுதினார்கள். இருந்த இடத்திலிருந்தே வளர்க்க முடிகிறது என்று தாய்மார்களுக்கு நிறைவு. பிள்ளைகளில் பலருக்கு அந்த அளவு நிறைவில்லை. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. திரையில் முகம் தெரிகிறது. ஆனால் பேச்சு சம்பளம், பள்ளிக் கட்டணம், வீடு கட்டும் கணக்கு என்று போகிறது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதை யாரும் சொல்வதில்லை, அது செலவழித்துப் பேசத் தக்க செய்தியில்லை என்ற பழைய காலிங் கார்டு காலத்துக் கஞ்சத்தனம் இன்னும் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஏங்குகிறவருக்கு வேண்டியது அந்த நாய்க்குட்டிதான்.

போனவர் தரப்பிலும் மறைப்பு உண்டு. பிரான்சில் அல்ஜீரியத் தொழிலாளர்களோடு நெடுங்காலம் பேசிய சமூகவியலாளர் அப்தெல்மலேக் சயாத், விடுப்பில் ஊர் வருகிறவர்கள் அங்கே தாங்கள் படும் பாட்டை மறைத்து, நல்ல உடுப்பும் பரிசுப் பொருளுமாக நிற்பதை விவரிக்கிறார். அதைப் பார்த்து அடுத்தவன் கிளம்புகிறான். போய்ப் பார்த்து அவனும் மறைக்கிறான். ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ ஒரு செண்டு பாட்டில், ஒரு கம்பளி, மிட்டாய்ப் பொட்டலங்களோடு வந்திறங்கியவரைப் பார்த்த எவருக்கும் சயாத் சொல்வது புதிதல்ல.

இன்னொரு வகை எழுத்து இப்போது பெருகியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சின்னச் சின்ன இன்பங்களை ரசிக்கப் பழகினால் ஏக்கம் தீரும் என்பது அதன் சாரம். அடியில் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. வாரந்தோறும் நன்றி சொல்லத் தக்க ஐந்து விஷயங்களை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட மனநிறைவாக இருந்தார்கள் என்று ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் காட்டினார்கள். எனக்கு அதைவிட அர்த்தமுள்ளதாகப் படுவது மின்கியங் கூவும் சகாக்களும் 2008-இல் வெளியிட்டது. கிடைத்த நன்மையை எண்ணிப் பார்ப்பதைவிட, அது கிடைக்காமலே போயிருந்தால் என்று கழித்துப் பார்ப்பவருக்கே மகிழ்ச்சி கூடுகிறதாம். புலம்பெயர்வு இந்தக் கழித்தலை நிஜமாகவே செய்துவிடுகிறது. டீக்கடை பெஞ்சு, மின்வெட்டில் வாசலில் உட்காருவது, தெருவில் போகிறவரின் தேவையற்ற விசாரிப்பு எல்லாம் கழிக்கப்பட்ட பிறகுதான் மதிப்புப் பெறுகின்றன. பர்மாக்காரர்கள் கதை சொல்வது போல, இப்போது அலுப்பாக இருக்கும் வெளிநாட்டு நாளும் ஒருநாள் கழிக்கப்படும். அதற்கும் ஓர் ஏக்கம் காத்திருக்கிறது.

இதை ஏற்கிறேன். ஆனால் ரசிக்க ஒரு நாள் கைவசம் இருக்கவேண்டும். டொராண்டோவிலோ மெல்பர்னிலோ நிரந்தர வசிப்புரிமையோடு இருப்பவருக்குச் சொல்லத் தக்க ஆலோசனையைக் கேம்ப்பில் இருப்பவரிடம் சொல்வது கேலி. ஈழத்திலிருந்து அகதியாகப் போய், போன இடத்தில் பிடிமானம் கிடைத்தபோது மக்கள் என்ன செய்தார்கள் என்பதை ஐரோப்பாவில் பார்க்கலாம். கறிவேப்பிலையே ஓர் உதாரணம். எலுமிச்சைக் குடும்பத்துச் செடி அது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி அதில் தங்கும் என்பதால் பல நாடுகள் அதைக் கொண்டுவர விடுவதில்லை. ஆனாலும் பனிநாடுகளின் சமையலறை ஜன்னலோரம் தொட்டியில் வளர்த்துக் குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றுகிறார்கள். பாரிஸில் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985-இல் வந்தது. அதைச் சுற்றிய லா சப்பல் பகுதியில் யாழ்ப்பாணத்துத் தூளிலிருந்து பூமாலை வரை எல்லாம் கிடைக்கும். ஜெர்மனியின் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் தேருக்குப் பின் தீர்த்தமாடுவது அந்நாட்டுச் சரக்குக் கப்பல் கால்வாயில். சுவிட்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ 50,000 ஈழத் தமிழர்கள். கூலிக்காக வெளியே போய் ஏங்கிச் செத்தவர்களின் நாடு, இப்போது ஏக்கத்தோடு வந்தவர்களை உணவகச் சமையலறைகளில் வேலைக்கு வைத்துக்கொண்டது. ஹோஃபர் எழுதிய அந்த நோயாளி இளைஞரின் ஊரான அதே பெர்னில், 2014 இறுதியில் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் கோபுரத்தோடு இந்துக் கோயிலும் இருக்கிறது. இவையெல்லாம் பண்பாட்டைக் காக்கும் முயற்சிகள் என்று மேடைகளில் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை போக ஓர் இடம், பார்க்க நாலு முகம் என்பதும் சேர்ந்ததுதான்.

இந்தப் பிடிமானம் யாருக்குக் கிடைத்தது? விசாவில் காலம் குறிக்கப்படாதவர்களுக்கு, குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு, சொந்தச் சமையலறை இருந்தவர்களுக்கு. ஆகவே ஊர் ஏக்கத்தை மனத்தின் பலவீனமாக மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதில் பாதி தொழிலாளர் சட்டத்தின் விஷயம்.

தமிழ்நாடு அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. அந்த நாளில் வெற்றி பெற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது போகட்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் அனுமதி பெறவேண்டும். அப்போது அவர்களின் வேலை ஒப்பந்தமும் பார்வைக்கு வருகிறது. அந்த இடத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காமல் நான்கு கேள்விகள் கேட்கட்டும்: ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊர் விடுப்பும் டிக்கெட்டும் எழுதப்பட்டிருக்கிறதா, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும், ஓர் அறைக்கு எத்தனை பேர், சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டா. இவற்றைக் கேட்கச் சொல்லி மாநில வாரியம் ஒன்றிய அரசை வற்புறுத்த வேண்டும்.